தட்டருகே எழும் உறுமல்

ஐந்து மாதமே நிறைந்த நாய்க்குட்டி ஒன்று. நேற்றுவரை வீட்டார் காலடியில் புரண்டு விளையாடியது. இன்று தட்டில் சோற்றை இட்டுவிட்டு அருகில் நின்றால், உண்பதை நிறுத்துகிறது, தலையைத் தட்டின்மேல் தாழ்த்துகிறது, அடித்தொண்டையில் உறுமுகிறது. உடனே வீட்டில் மூன்று கருத்துகள் எழுகின்றன. தட்டைப் பிடுங்கி, முதுகில் இரண்டு வைத்து, எசமானர் யார் என்று காட்ட வேண்டும் என்பது முதலாவது. இனி இது ஆகாது, தொலைவில் எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது இரண்டாவது. நாய் என்றால் அப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றுமே பிழையான வழிகள் என்பது நம் கருத்து. முதல் வழி கடியில் முடிகிறது. இரண்டாவது தெருவில் முடிகிறது. மூன்றாவது பெரும்பாலும் ஒரு குழந்தையின் முகத்தில் முடிகிறது.

வங்கியின் இதழில் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். கறவை மாட்டுக் கடனுக்கும் ஆட்டுப்பண்ணைக் கடனுக்கும் ஆய்வு செய்ய வீடுதேடிச் செல்லும் வங்கி அலுவலரை முதலில் வரவேற்பது அவ்வீட்டு நாயே. வாசலில் எந்த நாய் வெறுமனே குரைக்கிறது, எது தன் தட்டைக் காத்து நிற்கிறது என்று பார்த்தறிவது நம் தொழிலில் எழுதப்படாத பாடங்களுள் ஒன்று. மேலும், நம் வாடிக்கையாளர் இல்லங்களில் இன்று நாய் காவலுக்கு மட்டும் நிற்பதில்லை. குடும்பத்தில் ஓர் உறுப்பினராகவே வாழ்கிறது. அவ்வுறுப்பினரால் குடும்பத்துக்குத் தீங்கு நேராமலும், குடும்பத்தால் அதற்குத் தீங்கு நேராமலும் காப்பது நம் அனைவர்க்கும் பொதுவான அக்கறை.

பாலாற்றங்கரையில் பசியும் காவலும்

பாலாறு என்றதும் வேலூர் வழியே செல்லும் ஆறே பலர் நினைவுக்கு வரும். இங்கே நாம் குறிப்பிடுவது வேறொரு பாலாறு. மாதேஸ்வரன் மலைப்பகுதியில் தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் எல்லையாக ஓடி, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிக் காவிரியில் கலக்கும் சிற்றாறு அது. முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டு சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் சென்றது. தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர்கள். ஆடு மேய்ப்போர், மீன் பிடிப்போர், மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைப்போர் வாழும் ஊர்கள். சுற்றிலும் காடு. மாதேஸ்வரன் மலைக் காடுகள் 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

இத்தகைய ஊர்களில் நாய் உழைக்கும் உயிர். இரவில் பட்டியைக் காப்பதும், விளைநிலத்துக்கு வரும் காட்டுப்பன்றியைக் குரைத்து விரட்டுவதும், சிறுத்தையின் வருகையை முன்னறிவிப்பதும் அதன் வேலை. ஊதியமோ வீட்டார் உண்டு மிஞ்சிய களியும் கஞ்சியும். அதுவும் பல வீடுகளில் ஒரே சட்டியில், இரண்டு மூன்று நாய்களுக்குப் பொதுவாக, மாலையில் ஒருமுறை ஊற்றப்படுவது. அங்கே தன் பங்கைக் காத்துக்கொள்ளத் தெரியாத குட்டி மெலிந்து சாகும். காக்கத் தெரிந்தது பிழைக்கும். உணவைக் காப்பது நாயின் தீக்குணம் என்று கூறுவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்கு உதவிய திறம் அது. நகரத்து அடுக்குமாடியில் வேளைதோறும் நிறைந்த கிண்ணம் வந்துவிட்டது என்பதால், அத்திறம் ஒரே நாளில் மறைந்துவிடாது.

இதற்குச் சாதி நாய், நாட்டு நாய் என்ற வேறுபாடும் இல்லை. நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது என்றொரு பழங்கருத்து நம்மிடையே உண்டு. கருநாடகத்தின் முதோள் வேட்டை நாய்கள் மீரட்டிலுள்ள இராணுவக் கால்நடைப் படையின் மையத்தில் பயிற்சி பெற்றுப் பணிக்குச் சென்றுள்ளன. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைத் தமிழ்நாடு அரசே சென்னை சைதாப்பேட்டையில் இனப்பெருக்கம் செய்து வந்திருக்கிறது. பயிற்றுவிப்போரின் பொறுமையே இங்கு முதன்மையானது; பிறப்பு அன்று.

உறுமல் ஓர் அறிவிப்பு

நாய் திடீரென்று கடித்துவிட்டது என்று கூறுவது வழக்கம். பெரும்பாலும் அது திடீரென்று நிகழ்வதில்லை. முதலில் நாய் விரைந்து உண்ணத் தொடங்கும். பின்னர் உண்பதை நிறுத்தி, உடல் இறுகி, அசையாமல் நிற்கும். தலையைத் திருப்பாமலே கடைக்கண்ணால் பார்க்கும்; அப்போது விழியின் வெண்மை பிறைபோல் தெரியும். அடுத்து உதடு மேலேறிப் பல் தெரியும். அதன் பின்னரே உறுமல். உறுமலையும் மதியாமல் நெருங்கினால் காற்றில் வெட்டிக் கடிப்பது போன்ற பாய்ச்சல், கடைசியாகக் கடி. இத்தனை படிகளையும் கடந்து வந்த பிறகே பல் தோலில் பதிகிறது.

வங்கியாளர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். கடன் தவணை தவறியவுடன் எந்த வங்கியும் சொத்தைக் கையகப்படுத்திவிடுவதில்லை. நினைவூட்டுக் கடிதம் செல்கிறது, தொலைபேசியில் அழைக்கிறோம், நேரில் சென்று பேசுகிறோம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமும் 60 நாள் அறிவிப்பு தந்த பின்னரே அடுத்த நடவடிக்கைக்கு இடமளிக்கிறது. அறிவிப்பு என்பது பகைமை அன்று. பகைமையைத் தவிர்ப்பதற்கான வாய்ப்பு. நாயின் உறுமலும் அவ்வாறே. உறுமியதற்காக அடிக்கப்பட்ட குட்டி, உணவின்மீது கொண்ட அச்சத்தை விட்டுவிடுவதில்லை. உறுமுவதை மட்டுமே விட்டுவிடுகிறது. அதன்பின் அறிவிப்பில்லாமல் நேரே கடிக்கும் நாயை நாமே உருவாக்கியவர்களாகிறோம்.

எசமானர் யார் என்ற கேள்வி

தட்டைப் பிடுங்கும் பழக்கத்துக்குப் பின்னே ஒரு கொள்கை இருக்கிறது. ஓநாய்க் கூட்டத்தில் தலைமை ஓநாய் ஒன்று பிறவற்றை அடக்கி ஆள்கிறது; நாயும் ஓநாயின் வழிவந்தது; ஆகவே வீட்டுத் தலைவர் நாயை அடக்கி ஆள வேண்டும் என்பது அக்கொள்கை. ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாயிற்று. அவர் கவனித்தவை அடைப்பிடத்தில் சேர்த்து வைக்கப்பட்ட ஓநாய்கள். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. பின்னர் அவரே காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து, இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, குட்டிகள் சேர்ந்த குடும்பமே என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். கொள்கையைப் பரப்பியவரே கைவிட்ட பின்னும் அதனை நம் வீட்டு முற்றத்தில் தூக்கிச் சுமப்பது தேவையற்ற பாரம்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்துக்குரியது. உண்ணும்போது தட்டை எடுத்துவிடும் வீடுகளில் நாயின் உணவுக் காவல் மிகுதியாகவும் கடுமையாகவும் காணப்பட்டது. உண்ணும்போது தட்டில் சுவையான துண்டுகளைச் சேர்த்துத் தரும் வீடுகளில் அது குறைவாக இருந்தது. வாயில் கவ்வியதை விட்டுவிடப் பழக்கப்பட்ட நாய்களிடமும் இக்குணம் குறைந்து காணப்பட்டது. கருத்துக்கணிப்பு ஒன்றைக் கொண்டு காரணத்தை முற்றாக நிறுவிவிட முடியாது. ஏற்கெனவே உறுமும் நாயிடமிருந்துதான் தட்டைப் பிடுங்கினார்கள் என்றும் வாதிடலாம். ஆனால் தட்டைப் பிடுங்குவதால் நாய் திருந்துகிறது என்ற கூற்றுக்கு அதில் எவ்வித ஆதரவும் இல்லை என்பது தெளிவு.

காப்பகங்களில் இருந்து தத்துக் கொடுக்கப்பட்ட நாய்களைப் பற்றி 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றும் உண்டு. காப்பகச் சோதனையில் உணவுக்காகச் சீறிய நாய்களுள் ஏறத்தாழப் பாதியே புதிய வீட்டிலும் அவ்வாறு நடந்தன. சோதனையில் அமைதியாக இருந்தவற்றுள் ஒரு பகுதி வீட்டுக்குச் சென்ற பின் சீறின. இக்குணம் நெற்றியில் எழுதப்பட்ட தலையெழுத்து அன்று. இடமும் சூழலும் மாறினால் மாறக்கூடியது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியை இங்கே துணைக்கழைப்பது பொருந்தாது.

செய்ய வேண்டியவை

ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு கொண்டுவரும் பணியாளரின் காலடியோசை கேட்டதுமே ஆய்வுக்கூட நாய்களின் வாயில் உமிழ்நீர் சுரந்ததை அவர் கண்டார். காலடியோசை உணவின் முன்னறிவிப்பு ஆயிற்று. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, முயலை முதலில் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவன் அச்சத்தைப் போக்கினார். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் குட்டிக்கான மருந்து கிடைத்துவிடுகிறது. இன்று நம் காலடியோசை அதன் காதில் "பறிக்க வருகிறார்கள்" என்று ஒலிக்கிறது. அதனை "கொடுக்க வருகிறார்கள்" என்று ஒலிக்கச் செய்ய வேண்டும். அவ்வளவே.

முதற்கண் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் நலம். குடற்புழு, பல்வலி, காதுவலி, பசியைத் தூண்டும் சில மருந்துகள் ஆகியவையும் நாயை இவ்வாறு நடக்கச் செய்யும். இதுவரை அமைதியாக இருந்த வளர்ந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் மருத்துவச் சோதனை கட்டாயம் தேவை.

அடுத்து, உணவிடும் இடத்தைச் சீர்செய்ய வேண்டும். நடமாட்டம் மிகுந்த கூடத்திலும் அடுக்களை வாசலிலும் தட்டை வைக்கலாகாது. ஆளரவமற்ற ஒரு மூலையில், வேளை தவறாமல், போதிய அளவு இடவேண்டும். இரண்டு நாய்கள் இருப்பின் தனித்தனித் தட்டு, தனித்தனி இடம். குட்டி உண்ணும் நேரத்தில் குழந்தைகள் அவ்விடத்துக்கு வராதபடி கதவைச் சாத்துவது முழுமையான பாதுகாப்பு. பயிற்சி முடியும்வரை இவ்வேற்பாடு நீடிக்க வேண்டும்.

அதன்பின் பயிற்சி. அன்றாட உணவு தட்டில் இருக்கட்டும். அதைவிடச் சுவையான ஒன்றைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளட்டும்; எலும்பு நீக்கிய வெந்த கோழித் துண்டு, அவித்த முட்டை, பனீர் என எதுவாகவும் இருக்கலாம். குட்டி உடல் இறுகாமல் உண்ணும் தொலைவில் நிற்க வேண்டும். அது எட்டடியானாலும் பத்தடியானாலும் சரி. அங்கிருந்து ஒரு துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டு விலகிச் செல்ல வேண்டும். விலகிச் செல்வது இன்றியமையாதது. வருபவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், தங்கிப் பறிக்கமாட்டார் என்பதைக் குட்டி அதனாலேயே அறிகிறது. ஒரு வேளைக்கு நான்கைந்து முறை போதும்.

சில நாள்களில் நம்மைக் கண்டதும் குட்டி நிமிர்ந்து, வாலைத் தளர்வாக ஆட்டி, அடுத்த துண்டை எதிர்பார்க்கத் தொடங்கும். அந்த எதிர்பார்ப்பு தென்பட்ட பிறகே ஓரடி முன்னேற வேண்டும். இவ்வாறு முன்னேறித் தட்டருகே வந்து, குனிந்து, கையாலேயே துண்டைத் தட்டில் இடும் நிலையை அடைய வாரங்கள் ஆகலாம். இடையில் எங்கேனும் உறுமினால், நாம் விரைந்துவிட்டோம் என்று பொருள். திட்டவும் வேண்டாம், அஞ்சி ஓடவும் வேண்டாம்; அமைதியாகப் பின்வாங்கி, மறுவேளை கூடுதல் தொலைவிலிருந்து தொடங்கினால் போதும். ஒருவரிடம் கற்றதை நாய் தானாகவே மற்றவரிடம் காட்டிவிடாது. ஆகவே வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவரும் தொலைவிலிருந்தே தொடங்கி இதனைச் செய்ய வேண்டும்.

இதனோடு "விடு" என்ற சொல்லையும் பழக்கலாம். குட்டி கவ்வியிருக்கும் பந்துக்கு ஈடாக ஒரு துண்டு உணவைக் காட்ட வேண்டும். பந்தை விட்டதும் உணவைத் தந்து, பந்தையும் திரும்பத் தர வேண்டும். விட்டது திரும்ப வரும் என்ற உறுதி ஏற்பட்டால் விடுவதற்கு நாய் தயங்காது. வைப்புத் தொகை கேட்டவுடன் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையினால்தானே மக்கள் வங்கியில் பணம் போடுகிறார்கள்!

இதற்கு ஒரு மறுப்பு எழுவதுண்டு. உறுமும் நாய்க்குக் கோழித் துண்டு கொடுப்பது கையூட்டுக் கொடுத்து வழிக்குக் கொண்டுவருவதாகாதா என்பர். ஆகாது. உறுமலை நிறுத்துவதற்காக நாம் கொடுப்பதில்லை. உறுமல் எழாத தொலைவில், உறுமலுக்கு முன்பே கொடுக்கிறோம். அச்சம் நீங்கினால் உறுமுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. மற்றொரு மறுப்பு, நேரமில்லை என்பது. வேளைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க இயலாத வீட்டில் நாய் வளர்ப்பதையே மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது நம் தாழ்மையான எண்ணம்.

தோலைக் கிழித்துக் கடித்துவிட்ட நாயிடமோ, குழந்தையின் மீது பாய்ந்த நாயிடமோ இப்பயிற்சியைத் தாமே முயல வேண்டா. நாமக்கல், சென்னை வேப்பேரி, பெங்களூரு எப்பால் ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை வழியாகத் தக்க அறிவுரை பெறலாம்.

குழந்தைகள் இருக்கும் வீடுகளில்

தவழும் குழந்தையின் முகமும் நாயின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதனாலேயே சிறு குழந்தைகள் கடிபடும்போது பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் கடிபடுகிறார்கள். தலைக்காயம் மூளைக்கு அருகில் இருப்பதால் வெறிநாய்க்கடி நோயில் அதன் ஆபத்து மிகுதி. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இலேயே தொடங்கப்பட்டு, நாய்க்கடித் தடுப்பு மருந்துக்குப் பெயர்பெற்ற நம் மாநிலத்தில் எவரும் அறியாமையால் இறக்கலாகாது.

வீட்டு நாயே ஆயினும், கீறலே ஆயினும், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பலாகாது. அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும்; சொன்ன நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். குருதி கசியும் காயத்துக்குத் தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். குட்டிக்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும்.

உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதே என்பதைக் குழந்தைக்குக் கற்பிப்பது சாலச் சிறந்தது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை அதனை நினைவில் வைக்கும் என்று நம்பியிருப்பது முறையன்று. அங்கே காவல் பெரியவர்களின் கண்ணும் சாத்திய கதவுமே.

தெருவில் விடுவது தீர்வன்று

உறுமிய நாயை வண்டியில் ஏற்றி, மலைப்பாதையிலோ நெடுஞ்சாலை உணவகத்தின் அருகிலோ இறக்கிவிட்டுத் திரும்பும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. பட்டினி கிடக்க நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய் என்று அச்சட்டம் கூறுகிறது. ஒருவேளைச் சிற்றுண்டியின் விலைகூட இல்லாத இத்தண்டம் யாரைத் தடுக்கும்? நாடாளுமன்றம் இதனைத் திருத்துவது காலத்தின் தேவை என்பது நம் கருத்து. மறுபுறம், தன் விலங்கால் பிறர்க்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுபவர்க்கு, பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. நாயைப் பழக்காமல் வைத்திருப்பதும் பொறுப்பு, கைவிடுவதும் குற்றம். எஞ்சுவது பழக்குவது ஒன்றே.

கைவிடப்பட்ட நாய் எங்கும் மறைந்துவிடுவதில்லை. குப்பைத் தொட்டியருகே, பத்து நாய்களுக்கு நடுவே, முன்னைவிடக் கடுமையாகத் தன் உணவைக் காக்கக் கற்றுக்கொள்கிறது. நம் வீட்டில் ஒரு தட்டருகே இருந்த சிக்கலைப் பொதுத்தெருவுக்கு மாற்றியதே நாம் செய்தது. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தெரு நாய்களுக்கு ஒவ்வொரு வார்டிலும் உணவிடும் இடங்களைத் தனியே குறிக்க வேண்டும் என்றும், கண்ட இடத்தில் உணவிடலாகாது என்றும் கூறுகிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, கட்டட வாசல் ஆகியவற்றுக்கு அருகே உணவிடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. உணவு இருக்கும் இடத்தில் காவல் எழும். காவல் எழும் இடத்தில் குழந்தை இருக்கலாகாது என்பதே அவ்விதியின் உட்பொருள். வீட்டுக்கும் அதுவே விதி.

நாலடியார் நண்பரைப் பற்றிக் கூறுமிடத்தில் யானையைக் காட்டிலும் நாயை உயர்த்திப் பேசுகிறது. அத்தகைய உயிர், நாம் இட்ட சோற்றை நம்மிடமிருந்தே காக்க வேண்டியதாக எண்ணுகிறது என்றால், அதற்கு நம்மேல் இன்னும் நம்பிக்கை ஏற்படவில்லை என்றே கொள்ள வேண்டும். நம்பிக்கையை அதட்டிப் பெற முடியாது என்பது வங்கித் தொழில் நமக்குக் கற்பித்த முதற்பாடம். அது சிறுசேமிப்பைப் போன்றது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட வேண்டியது. குட்டி உள்ள வாசகர் இன்று மாலை உணவு வேளையிலிருந்தே அக்கணக்கைத் தொடங்கலாம்.